மீன்களை அறிந்த மருத்துவர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு நீண்டு கிடக்கிறது. வெள்ளக் காலத்தில் மிகுந்து வரும் நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகாலாகவே கொள்ளிடத்தைப் பலரும் அறிவர். அதே ஆறு எதிர்த்திசையிலும் ஒரு பாதையாக இருந்தது. வங்கக் கடலில் வாழும் சில மீன்கள், புதுவெள்ளத்தின் வாசம் கண்டு முகத்துவாரத்தில் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்து மேற்கு நோக்கி நீந்தி வந்தன. அவற்றுள் தலையாயது உல்லம். வங்காளத்தார் இலிசு என்றும் தெலுங்கு நாட்டார் புலசை என்றும் போற்றும் மீன் இதுவே. கடலில் வளர்ந்து, நன்னீரில் முட்டையிடும் இயல்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இம்மீனின் வரத்தைப் பற்றி ஒரு கவலை எழுந்தது. ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட புதிய அணைகள் மீன்களை அழிக்கின்றனவா என்னும் வினா இலண்டன் வரை சென்றது. அதற்கு விடை காணும் பொறுப்பு ஒரு படை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெயர் பிரான்சிஸ் டே. மீன்கள் எந்த நீரில் வாழும், எந்த நீரில் மடியும், ஏன் மடியும் என்னும் ஒரே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டுக்கொண்டிருந்த வாழ்க்கை அவருடையது.

காயற்கரையில் தொடங்கிய கல்வி

டே 1829ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்து மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். சுரூஸ்பரிப் பள்ளியில் பயின்றார். சார்லஸ் டார்வின் சில ஆண்டுகளுக்கு முன்பு படித்த பள்ளி அது. பின்னர் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்று, 1852இல் சென்னை மாகாணப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். இரண்டாம் பர்மியப் போர், குடகு, பெங்களூரு, ஐதராபாத்து எனப் பணி அவரைப் பல இடங்களுக்கு இழுத்துச் சென்றது. இந்த ஆண்டுகளில் அவர் மற்ற படை மருத்துவர்களைப் போன்றே இருந்தார் எனலாம்.

மாற்றம் கொச்சியில் நிகழ்ந்தது. அங்கு மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் அந்நாட்டின் வரலாற்றையும் மக்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். பெருமாள்களின் நாடு என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூல் 1863இல் வெளிவந்தது. அதனை அடுத்து, 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய நூல் வந்தது. மருத்துவர் மீனியலாராக அறியப்பட்டது அந்நூலால்தான்.

கொச்சிக் காயல் மீனியல் கற்பதற்கு மிகப் பொருத்தமான இடம். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறிக் காயல் உவர்க்கிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கியதும் ஆறுகள் பெருகி அதே காயல் பெரும்பாலும் நன்னீராகிறது. ஓராண்டுக்குள் ஒரே நீர்நிலை இருவேறு உலகங்களாக மாறுகிறது. கோடையில் வலையில் விழும் மீன் மழைக்காலத்தில் விழுவதில்லை. மழைக்காலத்து மீன் கோடையில் இல்லை. எனினும் சில மீன்கள் இரு காலத்திலும் அங்கேயே இருக்கின்றன. இவற்றால் மட்டும் இது எவ்வாறு இயலுகிறது என்னும் கேள்வி கூர்ந்து நோக்குபவர் எவருக்கும் எழும்.

டேக்கு முன்பே இந்திய மீன்களை ஆராய்ந்தோர் உண்டு. விசாகப்பட்டினக் கடற்கரையின் மீன்களைப் பேட்ரிக் ரசல் 1803இல் படங்களுடன் வெளியிட்டார். கங்கை மீன்களைப் பற்றிய நூலை பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் 1822இல் வெளியிட்டார். உல்லத்துக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது அந்நூலில்தான். அவர்கள் மீன்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினர். டேயும் அப்பணியைச் செய்தார். கூடவே, மீன்களை உயிரோடு வைத்துப் பார்க்கவும் செய்தார்.

தொட்டிக்குள் மூச்சுத் திணறிய மீன்கள்

டே இந்தியாவுக்குப் புறப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்க்கும் ஆர்வம் பரவிக்கொண்டிருந்தது. இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் 1850இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டியிருந்தார். மீன் மூச்சுவிடத் தேவையான உயிர்வளியை நீர்த்தாவரம் வெளியிடுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் நீரை அடிக்கடி மாற்றாமலேயே மீன் நெடுநாள் உயிர்வாழும் என்பது அவர் கண்ட முடிவு. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் காண்பதற்கென மீன்கூடம் திறக்கப்பட்டது. நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களால் ஈர்த்து மீன்கள் வாழ்கின்றன என்பது அன்று ஐயத்துக்கு இடமில்லாத பாடமாகிவிட்டது.

ஆனால் நம் நாட்டுக் குளத்து மீன்கள் சில அந்தப் பாடத்துக்குள் அடங்கவில்லை. விராலைச் சந்தைக்குக் கொண்டுவருவோர் சிறிதளவு நீருள்ள பானையில் உயிரோடு வைத்து விற்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கோடையில் குளம் வற்றினால் விரால் சேற்றுக்குள் கிடக்கும். பனையேறிக் கெண்டை என்னும் சிறுமீன் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குச் செல்லும். 1791இல் தரங்கம்பாடியில் டேனிசு அலுவலர் டால்டார்ஃப் அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு ஐரோப்பிய அறிஞர்களிடையே நெடுங்காலம் பேசப்பட்டது. மரம் ஏறியதா என்பதில் இன்றும் நம்பாதோர் உண்டு. தரையில் ஊர்வதில் ஐயமில்லை.

இம்மீன்களின் தலையில், செவுள்களுக்கு மேலே, சிறு அறை போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் பயன் யாது? பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற விலங்கியலார் குவியர் அதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். மீன் தரைக்கு வரும்போது செவுள்கள் உலராமல் இருக்க அவ்வறையில் நீரைத் தேக்கிவைத்துக் கொள்கிறது என்பது அவ்விளக்கம். கேட்பதற்கு அது பொருத்தமாகவே இருந்தது. குவியரின் பெயர் அதற்கு மேலும் வலுச் சேர்த்தது.

டே அதனை ஆய்வால் சோதித்தார். இத்தகைய மீன்களைத் தொட்டியில் விட்டு, நீர்மட்டத்துக்கு அவை எழுந்து வர இயலாதவாறு தடுப்பு அமைத்தார். நீரில் குறையில்லை, தொட்டியில் குறையில்லை, இருந்தும் தடுக்கப்பட்ட மீன்கள் மடிந்தன. மேலே வந்து போக விடப்பட்டவை வாழ்ந்தன. ஆக, அம்மீன்களுக்கு நீரில் கரைந்துள்ள உயிர்வளி மட்டும் போதவில்லை. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, அந்த அறையில் வைத்து மூச்சுவிடுகின்றன. அறையில் தங்குவது காற்றேயன்றி நீரன்று. 1868இல் இலண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் இக்கருத்துகளை அவர் எழுதினார். பின்னர் ஈரிட வாழ்வு வாழும் ஆசிய மீன்களைப் பற்றித் தனிக் கட்டுரையும் வரைந்தார். மீன் நீரில் மூழ்கி இறக்கக்கூடும் என்னும் செய்தி, நீரை விட்டு எடுத்தால் மீன் இறக்கும் என்று மட்டுமே அறிந்திருந்த உலகுக்குப் புதுமையாக இருந்தது.

எளிய சோதனைதான். தடுப்பு ஒன்றைத் தவிரப் புதிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஒரே ஒரு நிலையை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, மீன் இறந்ததற்கு எது காரணம் எனப் பிரித்தறிந்த முறை அதில் இருக்கிறது. தொட்டியில் மீன் இறந்தால் நீர் கெட்டுவிட்டது என்று கூறி நீரை மாற்றுவதே வழக்கம். எந்த மீனுக்கு எது வேண்டும் என்று கேட்பது அரிது.

குளிர்நாட்டு மீனும் வெப்பக்கடலும்

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டு டிரௌட் மீனை அம்மலையோடைகளில் வளர்க்க விரும்பினர். குளிர்ந்த ஓடைகள் அங்கு இருந்தன, மீன்தான் இல்லை. 1863ஆம் ஆண்டையொட்டி இதற்கான முதல் முயற்சியில் ஈடுபட்டவர் டே. முயற்சி பலிக்கவில்லை.

காரணம் வழியில் இருந்தது. சூயசுக் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து விரைந்து வரவேண்டுமாயின் எகிப்து வரை ஒரு கப்பல், அங்கிருந்து தரைவழி, மீண்டும் செங்கடலில் வேறொரு கப்பல் என மாறி மாறி வரவேண்டும். செங்கடலின் வெப்பத்தையும் சென்னைச் சமவெளியின் வெப்பத்தையும் கடந்த பின்னரே மலையேற வேண்டும். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. பத்துப் பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும்; முப்பது பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். அதே வேளையில் வெப்பம் ஏறினால் மீனின் உடல் உயிர்வளியை மேலும் மிகுதியாகக் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் இந்நிலையை டிரௌட் தாங்குவதில்லை. அதன் முட்டையும் தாங்குவதில்லை.

அதே பத்தாண்டில், 1864இல், இங்கிலாந்திலிருந்து நெடுந்தொலைவிலுள்ள தாஸ்மேனியாவுக்கு டிரௌட் முட்டைகள் உயிரோடு சென்று சேர்ந்தன. நார்ஃபோக் என்னும் கப்பலில் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிகளின் நடுவே வைத்து மூன்று திங்கள் அளவு கொண்டுசெல்லப்பட்ட முட்டைகள் அவை. தொலைவு தடையாகவில்லை, குளிர் காக்கப்பட்டதே வேறுபாடு. நீலகிரிக்கு வந்தவற்றுள் கெண்டை இனத்தைச் சேர்ந்த டென்ச் போன்ற மீன்கள் உதகை ஏரியில் நிலைத்தன. அவை உயிர்வளி குறைந்த கலங்கல் நீரிலும் பொறுத்து வாழ்பவை. டிரௌட்டையும் டென்ச்சையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முயற்சிகளைப் பற்றி டே பின்னாளில் இலின்னேயன் கழக இதழில் எழுதினார். நீலகிரியில் டிரௌட் உறுதியாக வேரூன்றியதும் 1907இல் அவலாஞ்சியில் அதற்கெனப் பொரிப்பகம் அமைந்ததும் அவர் காணாத காலத்துச் செய்திகள்.

அணை கட்டியவரே எழுப்பிய ஐயம்

இனி மீண்டும் திருவரங்கத்துக்கு வரவேண்டும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தும் சரிந்தும் இருந்தது. எனவே ஆண்டுதோறும் முக்கொம்பில் வரும் நீரின் பெரும்பகுதியைக் கொள்ளிடம் ஈர்த்துக்கொண்டது. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வறண்டன. இதனைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டையொட்டி முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணை எழுப்பினார். அது மேலணை. அதே காலத்தில், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே, இன்று அணைக்கரை என வழங்கும் இடத்தில் கீழணை எழுந்தது. ஆழ்ந்த மணலில் அடித்தளம் இட்டுக் கட்டுவது எவ்வாறு என்பதைக் காட்டன் கற்றுக்கொண்டது திருவரங்கத் தீவின் கிழக்கு முனையிலுள்ள கல்லணையிடமிருந்து. அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் அனிகட் என ஏறியதும் இத்தகைய பணிகளால்தான்.

தஞ்சை செழித்தது. காட்டன் பின்னர் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அணை கட்டினார். சர் பட்டம் பெற்றார். ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1867இல் அவரே ஒரு செய்தியை இந்தியச் செயலரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் மீன்வளத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்பதே அச்செய்தி. தாம் கட்டியவற்றையும் உள்ளடக்கிய ஐயம் அது. வயலுக்கு நீர் தருவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் மீனவர் வலையை எண்ணிப் பார்த்தார் என்பது சிறிய செய்தியன்று. சென்னை மாகாணத்தில் இதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது.

கொள்ளிடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய உல்லத்தின் வாழ்க்கையை அறியவேண்டும். தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் புதுவெள்ளம் வரும் காலம் அம்மீனுக்குச் சினைக்காலம். தமிழர் ஆடிப்பெருக்கைக் கொண்டாடும் நாள்களையொட்டிக் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும். ஒரு பெண்மீன் பல இலட்சம் முட்டைகளைச் சுமந்து வரும். முட்டை பொரிந்து குஞ்சுகள் வளர நன்னீர் வேண்டும். ஆறு குறுகித் தெளியும் காலத்தில் குஞ்சுகள் கடல் நோக்கி இறங்கிச் செல்லும்.

கடல்மீன் நன்னீருக்கு வருவது எளிய செயலன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மீனின் உடல்நீரில் அதன் மூன்றில் ஒரு பங்கு அளவே உண்டு. ஆகவே கடலில் வாழும் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதனை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் எல்லாம் தலைகீழ். நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியே கசியும். மீன் நீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரைப் பெருக்கி, செவுள்களால் உப்பை உள்ளே ஈர்க்கவேண்டும். பெரும்பாலான கடல்மீன்கள் இதனைச் செய்ய இயலாமல் மடியும். உல்லம் முகத்துவாரத்தின் கலப்பு நீரில் தன் உடலை மாற்றியமைத்துக்கொண்டு மேலேறுகிறது. இவ்விளக்கம் முழுமையாகத் தெளிவானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆனால் வருகைக்கு ஒரு காலமும் வழியும் உண்டு, அவை இரண்டும் தடைப்பட்டால் இனம் பெருகாது என்பதை டே தெளிவாக உணர்ந்திருந்தார்.

கடலிலிருந்து வரும் மீன் முதலில் சந்திப்பது கீழணை. செங்குத்துச் சுவர், அதன் அடியில் கல் பாவிய தளம், மதகு திறந்திருந்தால் அதன் வழியே பாயும் நீரோ மீன் எதிர்த்து நீந்த முடியாத வேகமுடையது. வெள்ளம் பெருகி அணையையே மூழ்கடிக்கும் நாள்களில் சில கடக்கக்கூடும். மற்றவை சுவரடியில் தேங்கும். அங்கே வலைகள் காத்திருந்தன. சினை நிறைந்த மீன்கள் முட்டையிடும் முன்பே பிடிபட்டன. மேலே செல்ல முடியாத மீன் கீழே பாதுகாப்பாகவும் இருக்க முடியவில்லை. கீழணையைத் தப்பிய மீனுக்கு மேலணை காத்திருந்தது. இவ்வாறு திருச்சிராப்பள்ளிக்கும் அதற்கு அப்பாலும் உல்லம் வரும் வழி அடைபட்டது.

கேடு அத்துடன் நிற்கவில்லை. அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் நீரோடு மீன்குஞ்சுகளையும் வயல்களுக்குக் கொண்டுசென்றன. வயலின் மடையில் பொறி வைத்து விரலளவுகூட இல்லாத குஞ்சுகளை வாரி எடுத்தனர். வாய்க்காலை அடைத்தபோது எஞ்சியவை சேற்றில் துடித்து மடிந்தன. நஞ்சு கலந்து மீன்பிடிப்பதும் நாட்டில் இருந்தது. காக்காய்க்கொல்லி விதை போன்றவற்றை இடித்து நீரில் இட்டால் ஒரு மடுவின் மீன் முழுவதும் மயங்கி மிதக்கும். பெரியதும் சிறியதும், உண்பதும் உண்ணாததும் என வேறுபாடு அதற்கு இல்லை.

சென்னை மாகாணத்துக்குப் பின் ஒரிசா, வங்காளம், பர்மா, அந்தமான் எனப் பயணங்கள் தொடர்ந்தன. 1871இல் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக டே அமர்த்தப்பட்டார். மாவட்ட ஆட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வினாக்கள் அனுப்பப்பட்டன. மீன் குறைந்துள்ளதா, எத்தகைய வலைகள் வழக்கில் உள்ளன, வலைக்கண்ணின் அளவு யாது, குஞ்சுகள் பிடிக்கப்படுகின்றனவா என அவை விரிந்தன. விடைகள் அனைத்தும் தொகுக்கப்பட்டு, இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றிய அறிக்கையாக 1873இல் வெளிவந்தன. அணைகளில் மீன் ஏறிச்செல்ல வழி அமைத்தல், வலைக்கண்ணுக்குக் குறைந்த அளவு ஒன்றை வரையறுத்தல், குஞ்சு பிடிக்கும் பொறிகளைத் தடுத்தல், நீரில் நஞ்சிடுவதைக் குற்றமாக்குதல் ஆகியன அவர் வற்புறுத்தியவை.

அறிக்கைக்கு எதிர்ப்பும் இருந்தது. அதனை முற்றிலும் தவறெனத் தள்ளிவிட முடியாது. அணைகளுக்கு முந்தைய ஆண்டுகளில் பிடிபட்ட மீனை முறையாக எண்ணிப் பதியும் வழக்கம் இல்லை. ஆகவே எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணால் நிறுவ இயலவில்லை; அலுவலர்களின் மதிப்பீட்டையும் மக்களின் நினைவையுமே நம்ப வேண்டியிருந்தது. மேலும் வயல் மடையில் பொறி வைத்தவர்கள் செல்வர்கள் அல்லர். அணையைக் கட்டியது அரசு. வலையைச் சுருக்குமாறு கேட்கப்பட்டவர் ஏழை. இம்முரண்பாட்டுக்கு டேயின் அறிக்கை நிறைவான விடை தரவில்லை. எனினும் ஆற்றின் ஓரிடத்தில் கட்டும் சுவர் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நீரின் உயிர்களை மாற்றிவிடும் என்பதை அரசின் ஏடுகளில் இத்துணை விரிவாக இந்தியாவில் அவருக்கு முன் எவரும் பதியவில்லை என்றே சொல்லவேண்டும்.

நூல்களும் பகையும்

டேயின் பெயரை நிலைநிறுத்தியது இந்திய மீன்கள் என்னும் பெருநூல். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலில் ஒவ்வொரு மீனுக்கும் உருவ விளக்கம், வாழிடம், நாட்டு வழக்குப் பெயர்கள் ஆகியவை இடம்பெற்றன. உல்லத்தின் தமிழ்ப்பெயரும் அதில் பதிவாகியுள்ளது. நுட்பமான ஓவியங்கள் நூலுக்கு அழகும் பயனும் சேர்த்தன. ஓய்வு பெற்றுச் செல்டன்காமில் குடியேறிய பின்னரும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை. பிரித்தானிய மீன்களைப் பற்றியும் நூல்கள் இயற்றினார். பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் என்னும் நூல்வரிசையில் மீன்களைப் பற்றிய இரு தொகுதிகளையும் அவரே எழுதினார். 1418 மீன் இனங்களை அவை விளக்கின. அவை வெளிவந்த 1889ஆம் ஆண்டிலேயே, சூலை 10ஆம் நாள், டே மறைந்தார்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் மீன் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஆல்பர்ட் குந்தருக்கும் டேக்கும் இணக்கம் இல்லை. அறிவுலகப் பூசல் எங்கும் உள்ளதுதான்; இங்கு அதன் விளைவு விந்தையானது. தாம் திரட்டிய மீன்களின் பெரும் தொகுதி ஒன்றை டே 1883இல் சிட்னியிலுள்ள ஆசுதிரேலிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். தென்னிந்திய ஆறுகளிலும் கடற்கரையிலும் பிடித்த மீன்களைப் பார்க்க இன்றைய ஆய்வாளர் ஆசுதிரேலியாவுக்குச் செல்ல நேர்கிறது.

அவருக்குப் பின்

டேயின் அறிக்கை வெளிவந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல், இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. வலைகளையும் பொறிகளையும் முறைப்படுத்தும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்தது.

தொட்டி மீன்களைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. டே மறைந்ததற்கு அடுத்த ஆண்டு, 1890இல், செர்கே விநோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களைப் பிரித்தறிந்தார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கே நஞ்சு. பழைய குளத்திலும் நெடுநாள் பயன்பட்ட தொட்டியிலும் இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் படிந்திருந்து நஞ்சைத் தணிக்கின்றன. புதிய தொட்டியில் அவை இல்லை. தெளிந்து பளிங்குபோல் காணும் புதிய உவர்நீர்த் தொட்டியில் வண்ண மீன்களை விட்டவுடன் அவை ஒவ்வொன்றாக மடிவதற்கு இது முதன்மையான காரணம். நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருந்து, உப்பின் அளவும் வெப்பமும் மெல்ல மெல்லப் பழகுமாறு செய்து மீனை விடுவோர் இழப்பைத் தவிர்க்கின்றனர். சென்னை மெரினா கடற்கரையில் அரசின் கடல்மீன் காட்சியகம் 1909இல் திறக்கப்பட்டபோது கடல்மீனைத் தொட்டியில் வாழவைப்பது நம் நாட்டில் பொதுமக்கள் காணும் கலையாயிற்று.

கொள்ளிடத்தில் டே கேட்ட மீன்வழியும் பிற்காலத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் கீழணையில் மீன்கள் ஏறிச்செல்லப் படிவழி அமைத்தனர். அதன் அருகிலேயே உல்லத்தின் சினையை எடுத்துச் செயற்கையாகக் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்கும் முயற்சியும் நடந்தது. மீன்கள் படிவழியை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஆறுகளில் அத்தகைய படிவழியில் ஏறும் சால்மன், நீரிலிருந்து துள்ளித் தாவும் மீன். உல்லம் அவ்வாறு தாவுவதில்லை. கூட்டமாக நீந்தியே ஏறும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியின் புதுவெள்ளமே அளந்து விடப்படும் நீராயிற்று. முக்கொம்பில் காட்டன் கட்டிய மேலணையின் மதகுகளுள் சில 2018ஆம் ஆண்டு ஆகத்து வெள்ளத்தில் உடைந்தன. அருகில் புதிய கதவணை கட்டப்பட்டது. கோதாவரியில் இன்றும் ஆண்டுதோறும் வெள்ளக் காலத்தில் புலசை கடலிலிருந்து ஏறி வருகிறது. தவளேசுவரம் அணைக்குக் கீழே மீனவர் அதற்காகப் படகுகளில் காத்திருக்கின்றனர்.